வித்தை யாருடைய சொத்து?

ஒருவன் அரும்பாடுபட்டுக் கற்ற தொழிலைப் பிறனொருவனுக்குக் கற்பித்தல் அவன் கடமையா, அன்றி அவன் மனமுவந்து செய்யும் தயவா? இது புதிய கேள்வியன்று. தச்சனை நோக்கியும், தட்டானை நோக்கியும், நாதசுர வித்துவானை நோக்கியும் உலகம் இதனைப் பன்முறை கேட்டிருக்கிறது. நாம் இன்று கல்யாணப் படம் பிடிப்போரை நோக்கிக் கேட்கத் துணிந்தோம். அவர்களை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. தச்சன் மகன் உளி பிடித்துப் பழகுங்கால் கெடுவது ஒரு பலகை. தையற்காரனிடம் பழகுவோன் கெடுப்பது இரண்டு முழம் துணி. பலகையையும் துணியையும் மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். கல்யாணப் படம் பிடிக்கப் பழகுவோன் கெடுப்பதோ பிறர் வீட்டுக் கல்யாண நாளை. வைத்தியத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பழகுவோன் செய்யும் பிழைக்குப் பரிகாரமே இல்லாத தொழில் இதுபோல் வேறு பல இரா.

நம் நாட்டில் இத்தொழில் வளர்ந்த விதத்தைப் பெரியோர் பலர் அறிவர். பட்டணங்களில் புகைப்பட நிலையம் வைத்திருந்தோருட் சீனர் பலர். யுத்தத்துக்கு முன் ஜப்பானியரும் இருந்தனர். தமிழரும் இத்துறையிற் புகுந்தனர். எவருடைய கடையாயினும், வேலைக்குச் சேர்ந்த பையன் முதலிற் கற்றது துடைப்பம் பிடிப்பதும் முக்காலி சுமப்பதுமே. நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் மெருகிடுவதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வர்ணம் தீட்டுவதும் பிற்பாடுதான் அவன் கைக்கு வரும். இருட்டறைக்குக் கதவு இட்டது வெளிச்சம் புகாமைக்காக. ஆனால் அது மாணவன் புகாமைக்கும் நன்றாகவே உதவிற்று.

இம்மனப்பான்மை நம்மவர்க்கு அந்நியமானதன்று. சுவடிகளைப் பரணில் வைத்துப் பூட்டி, பிள்ளைகளுக்குக் கற்பியாததைக் கறையானுக்குக் கற்பித்த பரம்பரை நம்முடையது. இன்ன குலத்தான் இன்ன வேலையே செய்யலாம், இன்னதைக் காதாலும் கேட்கலாகாது என்று விதித்துத் தலைமுறை தலைமுறையாய்க் கோடிக்கணக்கான கைகளை முடமாக்கியதும் நாமே. காமிரா கடல் கடந்து வந்த கருவி. மனு தர்மத்தில் அதற்கு விதி இல்லை. அதை எந்தக் குலத்தான் தொடலாம், எந்தக் குலத்தான் தொடலாகாது என்று எழுதிவைக்க ஆள் இல்லாமற் போயிற்று. பிறப்பால் எவருக்கும் உரியதல்லாத இத்தொழிலை இரகசியத்தால் ஒரு சாதியாக்குவதற்கு நாம் இடங்கொடுக்கலாமா?

இக்கலை பிறந்த வரலாற்றிலேயே இவ்வழக்கு நடந்திருக்கிறது. பிரெஞ்சு அரசாங்கம் தாகேர் என்பாருடைய முறையை விலைக்கு வாங்கி, 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் பாரீஸ் நகரில் அறிஞர் கழகத்தின் முன் அதனை வெளியிட்டது. தாகேருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்கும், அவருடைய கூட்டாளி நியெப்சின் மகனுக்கு 4000 பிராங்கும் உபகாரச் சம்பளம். உலகத்துக்கு இனாமாகக் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. உலகத்துள் இங்கிலாந்து சேரவில்லை. ஐந்து நாட்களுக்கு முன்னரே அங்கே தனியுரிமை பதிவாகிவிட்டது! அந்த இங்கிலாந்திலேயே டால்பட் என்னும் செல்வர் 1841-இல் தமது முறைக்குத் தனியுரிமை பெற்றார். உரிமப் பணம் செலுத்தாதார் அம்முறையாற் பிழைப்பு நடத்தலாகாது. 1851-இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் சிற்பி, கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் சிறந்த முறையொன்றைக் கண்டு, தனியுரிமை எதுவும் கேளாமல் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகத்துப் படக்காரர்கள் அம்முறையாலேயே பிழைத்தனர். அவரோ 1857-இல் வறுமையில் இறந்தார். மனைவி மக்களுக்காகப் பிறர் நிதி திரட்ட வேண்டியதாயிற்று.

நம் கடற்கரைக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. மலாக்காவிற் பிறந்தவரும், தமிழ் இரத்தமும் அரபு இரத்தமும் கலந்த குடும்பத்தினருமாகிய முன்ஷி அப்துல்லா, 1849-இல் அச்சேறிய தமது வரலாற்று நூலில், சிங்கப்பூருக்கு வந்த அமெரிக்கக் கப்பலொன்றின் வைத்தியர் வெள்ளித் தகட்டில் எடுத்த ஊர்ப் படத்தைக் கண்டு வியந்ததை எழுதியிருக்கிறார். வியந்ததோடு அவர் நிற்கவில்லை. அக்கருவி வேலை செய்யும் விதத்தைத் தாம் விளங்கிக்கொண்ட அளவில் வாசகருக்கும் விளக்கினார். முன்ஷி என்றால் ஆசிரியர் அன்றோ!

ஆர்ச்சரின் கதையைக் காட்டிச் சிலர் நம்மை மடக்கக்கூடும். “கொடுத்தவன் கெட்டான், பூட்டிவைத்தவன் வாழ்ந்தான், இதுதானே நீர் சொல்லும் நியாயம்?” என்பர். இது வெறும் குதர்க்கமன்று. கற்பிப்பவன் பசியோடு கற்பிக்க வேண்டும் என்று கேட்பது தருமமாகாது. அது இன்னொருவன் தருமத்தின்மேல் நாம் சவாரி செய்வதாகும். கற்பித்தலுக்குக் கூலி வாங்குவதை நாம் குறைகூறவில்லை. நம் கேள்வி வேறு. கூலி கொடுத்தாலும், கெஞ்சிக் கேட்டாலும், ‘இது என் கைமறை, சொல்லமாட்டேன்’ என்பவன் நியாயத்தின்பாற் பட்டவனா என்பதே.

அப்படி மறைப்பதற்கு இத்தொழிலில் என்னதான் இருக்கிறது? ஆங்கில நூல்களும், இக்காலக் காணொளிப் பாடங்களும் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லையா? சொல்லவில்லை. காமிராவினுள் இருக்கும் ஒளிமானி தான் காண்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே கணக்கிடும். பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் பூண்ட மாப்பிள்ளையை அதன் முன் நிறுத்தினால், வெண்மையைச் சாம்பலாக்கும் பொருட்டு அது ஒளியைக் குறைக்கும். குறைக்கவே, வேட்டி சாம்பலாகும், மாப்பிள்ளையின் கரிய முகம் மையாகும். ஒளியை ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டி வைக்க வேண்டும் என்று அறிந்தவன் அறிவான். மேனாட்டுப் பிலிம்களோ தொடக்கத்தில் நம் முகத்தை எண்ணிச் செய்யப்படவில்லை. கோடாக் கம்பெனி வண்ண அச்சைச் சரிபார்ப்பதற்குப் பல்லாண்டுகள் அனுப்பிவந்த மாதிரி அட்டைகளில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவ்வட்டைக்கே ஷர்லி என்று பெயர் வழங்கிற்று. ஷர்லியின் கன்னம் சரியாக இருந்தால் உலகமே சரி! நம் முகங்களுக்கு எது சரி என்பதை நம்மவர் தம் கைக்காசிற் பிலிமைப் பாழாக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அஃதன்றியும், முறை தெரிய வேண்டும். ஓமப்புகை எழுந்து நிற்கையில் விளக்கை நேரே பாய்ச்சினால், புகையே வெள்ளைத் திரையாகிப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறைத்துவிடும். பக்கவாட்டிலிருந்து பாய்ச்ச வேண்டும். பெரியவர் விரலை அசைத்துக் ‘கெட்டிமேளம்’ என்ற பின் இடம் தேடுவோன் தாலி கட்டுவதைக் காணமாட்டான். அவன் காண்பது உயர்ந்த கைகளையும், பறக்கும் அட்சதையையும், இந்நாளில் தூக்கிப் பிடித்த கைத்தொலைபேசிகளையும் மட்டுமே. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது பல குடும்பங்களின் வழக்கம். அவ்வம்மையார் எப்பக்கம் நிற்பார் என்பதை முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்ளாதவனுக்கு அவர் முதுகுதான் படமாகும். சீர்திருத்தத் திருமணமாயின் சடங்கு குறைவு, ஆதலால் வேலை எளிது என்று சிலர் நினைக்கின்றனர். உண்மை நேர்மாறானது. மாலை மாற்றுவதும் உறுதிமொழி கூறுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தவறவிட்டவன் அடுத்த சடங்கிற் பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. கட்டிய தாலியை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லும் படக்காரரும் உளர். அவரைக் காட்டிலும், அதற்கு இணங்கும் சபையைக் கண்டே நமக்கு வியப்பு.

இவ்வளவும் நூலில் இல்லாதவை. கையிலும் கண்ணிலும் இருப்பவை. அவை அவர் கைக்கு எவ்விதம் வந்தன என்பதை இனி நோக்குவோம். ‘என் உழைப்பால் வந்தன’ என்பார். உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் புகை திரையாகும் என்பதை அவர் கற்றது ஏதோ ஒரு வீட்டுக் கல்யாணத்தில், அவ்வீட்டார் படம் புகையாய்ப் போனபோது. ஷட்டரை அளவுக்கு மிஞ்சி விரைவாக வைத்தால் விளக்கின் வெளிச்சம் படத்தின் பாதியில்தான் விழும், மறுபாதி கறுத்துவிடும் என்பதைப் பிலிம் காலத்தில் பலர் கற்றது மறுநாள் இருட்டறையில். பெண்ணிருக்க மாப்பிள்ளை காணாமற்போன படத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அவ்வீட்டார் படத்துக்குக் கூலி கொடுத்தனர். பாடத்துக்கு அவர்கள் கொடுத்தது யாது? திரும்பி வாராத ஒரு நாள். அதற்கு அவர் இரசீது கொடுக்கவில்லை. அவர்களும் கடன் கொடுத்ததாக அறியவில்லை. அக்கடனை அவர்களிடமே திருப்பிச் செலுத்த வழியும் இல்லை; அந்த நாள் போய்விட்டது. கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்க முடியாத கடனை அவரைப் போன்ற வேறொருவரிடத்துச் செலுத்துவதே உலக வழக்கு; தாய்ப்பாற் கடனையும் பெற்ற பிள்ளைக்குத்தானே செலுத்துகிறோம்! ஆகவே, கல்யாணப் படம் பிடிக்கும் வித்தை, பிடிப்பவன் ஒருவனுக்கே முற்றும் உரிய சொத்தன்று. அதில் முகமறியாத பல வீட்டாருக்குப் பங்கு உண்டு என்பது நம் துணிபு.

இங்கே ஒரு தடை எழும். புதியவனுக்குக் கற்பித்தால் அவனும் யாரோ ஒருவர் கல்யாணத்தில்தானே பழகப் போகிறான்? கடனை அடைப்பதாகச் சொல்லி மேலும் சிலரைக் கடன் கொடுக்கச் செய்வது நியாயமா? நன்கு சிந்திக்கத் தக்க தடை இது. கற்பிக்க மறுப்பதால் புதியவர் இல்லாமற் போய்விடுவரா என்பதே இதற்கு எதிர்க்கேள்வி. போகார். பிலிம் காலத்தில், பன்னிரண்டு படம் விழும் சுருளுக்கும் விலை இருந்தமையால், கையில் காசில்லாதவன் பழகவே முடியாது. இன்று ஒரு காமிராவை வாங்கிவிட்டால் ஆயிரம் படம் எடுத்தாலும் செலவில்லை. கற்பிப்பார் இல்லாத புதியவன் தனியே கற்றுக்கொள்வான். எங்கே கற்றுக்கொள்வான்? பட்டணத்துப் பெரிய மண்டபத்தில், நூறு பேர் சிபாரிசு செய்த பெண்வீட்டார் அவனை அழைப்பரா? அழையார். குறைந்த கூலிக்கு யார் வருவார் என்று தேடுவோர் வீட்டில்தான் கற்றுக்கொள்வான். தோட்டத்தில் எஞ்சி வாழ்வோர் வீட்டில், தோட்டம் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வெளியேறி மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறியோர் வீட்டில், கோயில் மண்டபத்தில் நடக்கும் சிறு கல்யாணத்தில்.

மூத்த படக்காரர் தமது இரகசியத்தைப் பூட்டிவைக்கும்போது, அதன் விலையைத் தம் போட்டியாளன் கொடுப்பதாக நினைக்கிறார். கொடுப்பவன் அவனல்லன். பால்மரம் வெட்டியோ, தொழிற்சாலையில் இரவு வேலை செய்தோ, மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த ஒருவர், இரண்டு வாரம் கழித்து, “தம்பி, தாலி கட்டுற படம் எங்க தம்பி?” என்று கேட்கிறாரே, அவர் கொடுக்கிறார். அவ்வீட்டுக்கு அந்தப் படம் ஆடம்பரமுமன்று. மலேசியாவில் 1976-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வருமுன், சடங்கு மட்டும் செய்து பதிவு செய்யாது வாழ்ந்த இந்துத் தம்பதிகள் பலர். அவர் வீடுகளில் அந்நாளுக்குச் சாட்சியாக இன்று சுவரில் தொங்குவது ஒரேயொரு படம்.

ஒரு தேர்ந்த கையின் பக்கத்தில் நின்று பழகுவோன் கெடுப்பது மிகக் குறைவு. ஆசிரியர் எடுத்த படம் இருக்க, அவன் எடுத்தது புகையானாலும் வீட்டாருக்கு இழப்பில்லை. ஆதலின் கற்பித்தல் என்பது வெறும் தாராளமன்று. ஏழை வீட்டு நாளின்மேல் விழும் பாரத்தை எடுத்து, அதனைத் தாங்கத் தக்க இடத்தில் வைப்பது.

ஆயினும் கற்பிக்கிறோம் என்று சொல்லிக்கொள்வார் எல்லாரும் கற்பிக்கிறார்களா? ஏகலைவனிடம் துரோணர் கட்டைவிரலைக் கேட்டார். அதுவும் தாம் கற்பிக்காத வித்தைக்கு! இக்காலத் துரோணர் விரலைக் கேட்பதில்லை; விரல் வேலைக்கு வேண்டும். மூன்று வருஷம் சம்பளமில்லாமல் பை சுமக்கக் கேட்கிறார். பையன் எடுத்த படங்களுக்குத் தம் பெயரை இட்டுக்கொள்கிறார். பக்கத்தில் நிறுத்திக்கொள்வது மட்டும் பாடமாகாது. மறுநாள் உட்கார்ந்து, இருவர் படங்களையும் அடுத்தடுத்து வைத்து, இது ஏன் கறுத்தது, இவ்விடத்தில் நீ ஏன் நின்றாய் என்று கேட்டுச் சொல்லும் அரைமணி நேரமே பாடம். அந்த அரைமணியைக் கொடாதவர் ஆசிரியரல்லர், முதலாளியே.

கற்பிக்கத் தகாத வித்தை ஒன்றும் இத்தொழிலில் உண்டு. கரிய பெண்ணை வெளுப்பாக்கும் வித்தையைச் சொல்கிறோம். முன்னே பென்சிலாற் செய்தார்கள். இப்போது கணினியில் ஒரு பொத்தானாற் செய்கிறார்கள். ‘வீட்டார் கேட்கிறார்கள், செய்கிறோம்’ என்பது அவர்கள் சமாதானம். கேட்கிறார்கள் என்பது மெய்யே. அக்கேள்வியில் நம் சமூகத்தின் நோய் இருக்கிறது. பெண் பிறந்தது முதல் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தி, மணமேடையிலும் அவள் முகத்தைத் துடைத்தெறிந்து, ஷர்லியின் முகத்தை ஒட்டவைத்து, அதையே அவள் பேரன் பேத்திகளுக்குக் காட்டப் போகிறோம். அவள் நிறத்தை அவள் நிறமாகவே ஒளியோடு காட்டுவது கடினமான வித்தை; அதைக் கற்றவர் குறைவாய் இருப்பதனாற்றான் எளிதான பொய் செலாவணியாகிறது. முன்னதைக் கற்பிக்க மறுப்பவர் பின்னதைப் பரப்புகிறவரே.

இனிப் போட்டியைப் பற்றிச் சிறிது. நேற்றுக் கற்றவன் இன்று பாதிக் கூலிக்கு ஒப்புக்கொண்டு, கற்பித்தவர் வயிற்றில் அடிக்கிறான் என்னும் முறையீடு பொய்யன்று. ஆனால் அவன் பாதிக் கூலி கேட்பது நன்றிகெட்டமையால் மட்டுமன்று, கணக்குத் தெரியாமையாலுமே. காமிரா தேயும், லென்ஸ் பழுதாகும், ஒரு நாட் கல்யாணத்துக்குப் பின் பல நாள் மேசை வேலை உண்டு, மெமரி கார்டு கெட்டுப்போகக்கூடும் ஆதலால் ஒரே படத்தை இரண்டு கார்டுகளிற் பதிய வேண்டும் என்னும் இவற்றையெல்லாம் விலையிற் சேர்க்க அவனுக்கு எவரும் சொல்லித்தரவில்லை. ஒளியைக் கற்பித்தவர் கணக்கையும் கற்பித்திருக்கலாமே. முகூர்த்த நாட்களோ சில. தை பிறந்தால் ஒரே நாளில் ஓரூரிலேயே பல கல்யாணம். ஒருவர் எத்தனை மேடையில் நிற்க முடியும்? முகூர்த்தத்தன்று விடியற்காலையில் அவர் காய்ச்சலில் விழுந்தால், பெண்வீட்டாரிடம் யாரை அனுப்புவார்? நம்பி அனுப்பத் தக்க இருவரை உண்டாக்காத படக்காரர், எவ்வளவு வல்லவராயினும், ஒப்புக்கொண்ட நாளுக்கு முழுப் பொறுப்பேற்றவராகமாட்டார். அன்றாடங்காய்ச்சிகளாகிய தோட்டத் தொழிலாளர் பணத்தை ஒன்றுசேர்த்து, 1960-இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தோட்டங்களையே வாங்கினர். பத்துப் படக்காரர் சேர்ந்து, விலையுயர்ந்த லென்ஸுகளைப் பொதுவில் வாங்கி மாறி மாறிப் பயன்படுத்துவதும், ஆளில்லாத நாளில் ஒருவருக்கொருவர் நிற்பதும் அதனினும் கடினமோ?

நம் நண்பர்களுள் கருத்து வேற்றுமை உள்ள இடம் ஒன்று எஞ்சியிருக்கிறது. படம் பிடிக்க வருவோருள் ஒருவன் கற்போன் என்பதைப் பெண்வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் அஞ்சுவர், சொல்லாமலிருப்பதே நலம் என்பர் சிலர். நாம் இதற்கு இசையோம். அந்நாள் அவர்களுடையது, அதில் ஒரு பங்கைப் பாடத்துக்குக் கேட்கிறோம், கேளாமல் எடுத்தால், முன்னே நாம் சொன்ன இரசீதில்லாக் கடனைத் தெரிந்தே மறுபடியும் வாங்குகிறோம். கேட்டால் மறுப்பவர் எல்லாரும் அல்லர். சீர்வரிசை வருவதையும், பந்தியையும், மூலையில் வெற்றிலை மடிக்கும் பாட்டியின் முகத்தையும் இப்பையன் எடுக்கட்டும், மேடைக்கு நான் இருக்கிறேன் என்று ஆசிரியர் விளக்கிச் சொன்னால் மகிழ்ந்து ஒப்புவோரே மிகுதி. பாட்டியின் படம் கிடைக்கிறதென்றால் மறுப்பார் யார்? வேண்டாம் என்றே சொல்லிவிட்டால், அன்று அவன் பையைச் சுமந்து, காமிராவை மூடிவைத்து, ஆசிரியர் எங்கே நிற்கிறார், நாதசுரம் எந்த இடத்துக்கு வரும்போது இடம் மாறுகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மறுநாள் படங்களின் முன் இருவரும் உட்காரும்போது கேட்பதற்கு அவனிடம் நிறைய இருக்கும்.